ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஹுக்ளிக் கரைக்கு



ஊரிலிருந்து வரும் உறவினரை விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. அங்கே தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகிய ஆங்கிலேயர் தீட்டிய நிலக்காட்சிகளைக் கண்டு நாம் வியந்து நிற்பதுண்டு. அவர்கள் காலத்திலேயே இந்நகரில் வறுமையோடு போராடிய பிளெமிஷ் ஓவியர் ஒருவரைப் பற்றி இத்திங்கள் எழுத விழைகின்றேன். அவர் பெயர் பால்தசார் சால்வின்ஸ்.

இன்று பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆண்ட்வெர்ப் நகரில் 1760ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். துறைமுகங்களையும் கப்பல்களையும் தீட்டிப் பழகியவர். அந்நகரம் நிலக்காட்சி ஓவியத்தின் தாய்வீடுகளுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த பட்டினிர் என்பவர், புனிதர்களைச் சிற்றுருவங்களாக ஒதுக்கி, மலையும் ஆறும் வானுமே படத்தை நிறைக்கும்படி செய்தார். அவருக்குப் பின் வந்த பிரூகல், ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி சென்று மீண்டவர். 1565இல் அவர் தீட்டிய 'பனியில் வேடர்கள்' என்னும் ஓவியத்தில், தம் நாட்டில் இல்லாத மலைகளைத் தம் நாட்டுச் சிற்றூருக்குப் பின்னே நிறுத்தினார்! ஆயினும் களைத்து வீடு திரும்பும் வேடரும், நெருப்பு மூட்டுவோரும், உறைந்த குளத்தில் விளையாடுவோருமே நம் நெஞ்சில் நிற்கின்றனர்.

இம்மரபில் வந்த சால்வின்ஸ் 1791இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். கம்பெனியின் அனுமதியும் அவரிடம் இல்லை. பல்லக்குகளுக்கும் வண்டிகளுக்கும் வண்ணம் பூசியும், பிறர் வீட்டுப் பழைய ஓவியங்களைச் செப்பனிட்டும் வயிறு வளர்த்தார். இடையே தெருத்தெருவாகத் திரிந்து, பல்லக்குத் தூக்கிகள், வீட்டு வேலையாட்கள், பக்கிரிகள், இசைவாணர், ஹுக்ளியில் மிதந்த பலவகைப் படகுகள் ஆகியவற்றை வரைந்தார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட 250 வண்ணப் படங்களை இந்நகரிலேயே 1790களில் வெளியிட்டார்.

வாங்குவோர் இலர். டேனியல்களின் படங்களில் இருந்த ஒளியும் ஒப்பனையும் இவற்றில் இல்லை. வண்ணம் மங்கலாகவும் கோடுகள் கரடாகவும் இருந்தன. டேனியல்களோ பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரேன் வழிவந்த அழகு நெறியைப் போற்றியவர்கள். நம் தஞ்சைப் பெரிய கோயிலையும் அவர்கள் வரைந்துள்ளனர். அழகு அழகுதான், ஆனால் அப்படங்களில் மனிதர்கள் கோபுரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல்களாகவே எனக்குத் தோன்றுகின்றனர். சால்வின்ஸின் பல்லக்குத் தூக்கியோ, தனக்கென ஒரு தாள் பெற்று நிற்கின்றான்.

பின்னும் கொடுமை தொடர்ந்தது. லண்டனில் எட்வர்டு ஓர்ம் என்பவர், சால்வின்ஸின் இசைவின்றியே 60 படங்களைப் பொலிவூட்டி 1804இல் வெளியிடத் தொடங்கினார். அவை நன்கு விற்றன! சால்வின்ஸ் தளரவில்லை. 1808 முதல் 1812 வரை பாரிசில் நான்கு பெருந்தொகுதிகளை, படங்களைத் தாமே செதுக்கி வெளியிட்டார். நெப்போலியன் காலப் போர்களின் நடுவே அதுவும் நட்டத்தில் முடிந்தது. இறுதியில் பிறந்த ஊரிலேயே துறைமுகத் தலைவராகப் பணியேற்று, 1824இல் மறைந்தார்.

அவரை மீட்டு, 2004இல் விரிவான நூல் எழுதியவர் ராபர்ட் ஹார்டுகிரேவ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். வங்கப் படகுப் படங்களுக்கு மட்டும் 2001இல் அவர் தனி நூலே எழுதினார். இப்பெயர் நம்மவர் சிலருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டு நாடார் சமூகத்தின் வரலாற்றை 1969இல் எழுதியவரும் இவரே.