சுட்டிக்காட்டி உண்ணும் சோறு

மணிலா நகருக்கு நாம் சென்றிருந்தபோது, தங்கிய விடுதியின் உணவுக்கூடத்தை முதல் நாளே கைவிட்டோம். விலை ஒரு காரணம்; சோற்று ஏக்கம் மற்றொரு காரணம். தெருமுனையில் தகரக் கூரையின் கீழ் ஒரு சிறு கடை. நீண்ட மரப்பலகைகள் இரண்டு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூடியிட்ட சட்டிகள் எட்டோ பத்தோ இருந்தன. இத்தகைய கடைக்கு அங்கே 'காரிந்தேர்யா' என்று பெயர். 'துரோ-துரோ' என்றும் வழங்குவர். துரோ என்றால் சுட்டிக்காட்டுதல். வேண்டிய சட்டியை விரலால் காட்டினால் போதும். அந்நாட்டு மொழி அறியாத நம் போன்றோருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

காரிந்தேர்யா என்னும் சொல்லுக்குள் நம் 'கறி' ஒளிந்திருக்கிறது என்று கூறுவோர் உண்டு. 1762-இல் மணிலாவைப் பிடிக்கச் சென்ற ஆங்கிலேயரின் கப்பல்கள் புறப்பட்டது சென்னையிலிருந்துதான். உடன் சென்ற இந்தியச் சிப்பாய்களுள் சிலர், 1764-இல் படை திரும்பியபோது திரும்பாமல், நகருக்குக் கிழக்கே காயிந்தா என்னும் ஊரில் மணமுடித்துத் தங்கிவிட்டனர். சொல்லின் கதை மெய்யோ பொய்யோ, சட்டிகளைக் கண்டபோது அதை நம்பவே நமக்கு மனம் விழைந்தது.

நெல்லுக்குப் 'பாலாய்', அரிசிக்குப் 'பிகாஸ்', சோற்றுக்குக் 'கானின்' என நம்மைப்போலவே அவர்களும் மூன்று சொற்களை வைத்திருக்கின்றனர். சோற்றோடு சேர்த்துண்ணும் எதுவும் 'உலாம்'. வினிகர், சோயா சாறு, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை ஆகியவற்றோடு இறைச்சியை வேகவைத்தால் அதோபோ. புளிப்பு மிகுந்திருப்பதால் குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் அது எளிதில் கெடுவதில்லை. புளியிட்டுக் கொதிக்கவைத்த சினிகாங்கைப் பருகியபோது நம் வீட்டு இரசத்தின் நினைவு வந்தது. பாகற்காய், வெண்டை, கத்தரி, பூசணி கலந்த பினாக்பெட்டில் மட்டும், இறால் ஊறலின் வாடை நம்மைச் சற்றுத் தயங்கவைத்தது. இரண்டாம் கவளத்தில் தயக்கம் போயிற்று.

அன்று வெள்ளிக்கிழமை. ஆகவே பச்சைப்பயறும் இருந்தது. சுத்தபோசன நாளில் இறைச்சிக்குப் பதிலாகப் பயறு சமைக்கும் கத்தோலிக்க வழக்கம், அங்கே ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் தொடர்கிறது. பூண்டும் வெங்காயமும் தக்காளியும் வதக்கி, முருங்கைக் கீரை தூவியிருந்தார்கள். அக்கீரைக்கு அவர்கள் இட்ட பெயர் 'மலுங்காய்'. நம் காதுக்கு முருங்கைக்கு உறவுபோலவே ஒலித்தது.

எல்லாவற்றையும் சுவைக்கும் ஆவலில் நான்கு சட்டிகளைக் காட்டிவிட்டோம். அருகில் மூன்று சக்கர வண்டியோட்டி ஒருவர் வந்தமர்ந்தார். கையிலிருந்த காசை எண்ணினார்; அரைப்பங்குப் பயறும் இரண்டு கிண்ணம் சோறும் கேட்டார். கடைக்கார அம்மையார் ஒன்றும் பேசாமல் சினிகாங் சாற்றை ஒரு கோப்பையில் ஊற்றி அவர்முன் வைத்தார். சாற்றுக்குக் காசில்லை. அவர் நம்மை நோக்கி, "காயின் தாயோ" என்றார். 'வாருங்கள், உண்போம்' என்பது பொருள். அரைப்பங்கு உணவை வைத்துக்கொண்டு நம்மை விருந்துக்கு அழைத்தார்! நம் தட்டில் பாதி அப்படியே இருந்தது. அதை எங்கே மறைப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

அரிசியில் ஒரு பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு அது. அரிசி விலை ஏறினால் இக்கடைகள்தாம் முதலில் நடுங்கும் என்று உடன் வந்த நண்பர் கூறினார். உண்ண வருபவர் அனைவரும் அண்டை அயலார். அவர்களிடம் எப்படி விலையை உயர்த்துவது? இறைச்சித் துண்டைச் சிறிதாக்குவர், காய்கறியைக் கூட்டுவர், கடனைக் குறிப்பேட்டில் எழுதுவர். மாலையில் மிஞ்சியதை அக்குடும்பமே உண்ணும். மிஞ்சிய சோறு பூண்டோடு வறுபட்டு மறுநாள் காலை உணவாகும்.

மறுநாளும் அங்கேயே சென்றோம். ஒரே ஒரு சட்டியைக் காட்டினோம். 'பாதியா?' என்பதுபோல் அம்மையார் உள்ளங்கையின் குறுக்கே விரலால் கோடிழுத்துக் காட்டினார். ஆம் என்று தலையசைத்தோம். சாறு கேளாமலே வந்தது.