எத்தனை டெரா? எத்தனை யூனிட்?

எலெக்ட்ரிக்கல் படிக்கிறவன் என்பதால் எங்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் ஃபேன் சுற்றாவிட்டால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பொங்கல் லீவில் மாமா மகன் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. பிட்காயின் எடுக்கும் ஆன்ட்மைனர் எஸ்9 மெஷின், செகண்ட்ஹேண்டில் மலிவாக வருகிறதாம். "பதிமூன்றரை டெரா மச்சான்! வாங்கிடலாமா?"

"எத்தனை வாட்?" என்றேன். முழித்தான்.

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். கிணற்று மோட்டார் வாங்கும்போதும் நாம் "எத்தனை எச்.பி.?" என்றுதானே கேட்கிறோம்! 1990 முதல் விவசாயிகளுக்கு இலவச கரண்ட். பல கிணறுகளில் மீட்டரே கிடையாது. அப்புறம் எஃபிஷியன்சியைப் பற்றி யாருக்குக் கவலை?

டெராஹாஷ் என்பது மெஷின் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி தடவை கணக்குப் போட்டுப் பார்க்கிறது என்பது. அதற்கு எத்தனை ஜூல் தின்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. 2016-இல் வந்த எஸ்9 ஒரு டெராவுக்குச் சுமார் 98 ஜூல். 2020-இன் எஸ்19 புரோ 29.5. அதற்குப் பின் வந்த எஸ்21 வெறும் 17.5.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எஸ்9 எடுப்பது 1,320 வாட். நாளைக்கு 32 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 288 ரூபாய். வரவு? 2024 ஏப்ரலுக்குப் பின் உலகம் முழுவதற்கும் நாளொன்றுக்குப் புதிதாகக் கிடைப்பது சுமார் 450 பிட்காயின்தான். அதற்குப் போட்டி போடும் மெஷின்களின் வேகம் 2024 கடைசியிலேயே 70 கோடி டெராவைத் தாண்டிவிட்டது. ஒரு பிட்காயின் லட்சம் டாலர் என்றாலும் இவன் பங்குக்கு ஒரு டாலர்கூடத் தேறாது!

"அப்போ எஸ்21 வாங்குவோம்" என்றான். வரவு 1,100 ரூபாய்க்குள். கரண்ட் 84 யூனிட். பத்து ரூபாய் வீதம் 840. லாபம் போலத் தெரியும். ஆனால் 2022 பட்ஜெட்டில் வந்த 30 சதவீத வரியில் கரண்ட் செலவைக் கழிக்க முடியாது. வரி போக 770 ரூபாய்தான் மிச்சம். மெஷின் விலையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கடைசியாக, "மோட்டார் ஷெட்டுல ஓசி கரண்ட் இருக்கே?" என்றான். வந்ததே கோபம் எனக்கு! மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் கொடுத்த கரண்ட் அது. 2003 மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவில் பிடித்தால் இரண்டு மடங்கு கட்டணம். மாட்டாவிட்டாலும் அது திருட்டுதான் என்பது என் கட்சி.

மெஷின் ஆசை அதோடு போயிற்று. ஷெட் பேச்சு வந்ததும் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு அங்கே போய், இரண்டு தடவை ரீவைண்டிங் ஆன மோட்டாரில் மாட்டினேன். நேம்பிளேட்டில் 7.5 ஆம்பியர், முள் 9-ஐத் தாண்டி நின்றது. பார்த்துக்கொண்டிருந்த மாமா, "ஏம்ப்பா, புது மோட்டார் என்ன விலை இருக்கும்?" என்றார்.