கெரெடிக்யோனா, கார்டிகனா?

கார்டிகன் என்றால் நம்மில் பலருக்கும் முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர்தான் தெரியும். ஏழாவது கார்டிகன் பிரபுவின் பெயரால் வந்தது அது. அவருடைய பட்டமோ மேற்கு வேல்ஸில் கடலோரம் இருக்கும் ஒரு கிராமப்புற மாவட்டத்தின் பெயர். அந்த மண்ணின் சொந்தப் பெயர் கெரெடிக்யோன், அதாவது கெரெடிக்கின் நாடு. ஆங்கிலேயர் வாயில் நுழையாததால் அது கார்டிகன் ஆனது!

1996-இல் தனி மாவட்டமாக மீண்டும் உருவானபோது சட்டம் கொடுத்த பெயர் கார்டிகன்ஷயர். மாவட்ட மன்றம் உடனே அதைக் கெரெடிக்யோன் என்று மாற்றிக்கொண்டது. "இருக்கும் பெயரை ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்பவர்கள் இங்கே எது பழைய பெயர் என்பதை முதலில் சொல்லட்டும்.

"கெரெடிக் வெறும் கட்டுக்கதை" என்பார்கள் சிலர். இருக்கலாம். அவன் குனெடாவின் மகன் என்ற கதையை வரலாற்றாசிரியர்கள் பலர் நம்புவதில்லை. அதனால் கார்டிகன் சரியாகிவிடுமா? அதுவும் அதே கெரெடிக்கின் சிதைந்த பெயர்தானே!

"பெயரில் என்ன இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. நிலமே இருக்கிறது. வெல்ஷ் மொழியில் 'அபெர்' என்றால் ஆற்றின் முகத்துவாரம். அபெரிஸ்ட்வித் என்றால் அஸ்ட்வித் ஆறு கடலில் சேரும் இடம். கார்டிகன் நகரத்தின் வெல்ஷ் பெயர் அபெர்டைவி, டைவி ஆற்றின் முகத்துவாரம். ஆங்கிலப் பெயரில் ஆற்றையே காணோம். லாம்பீட்டர் என்ற ஊரின் முழுப்பெயருக்கு 'ஸ்டெஃபான் பாலத்தருகே உள்ள பேதுரு கோவில்' என்று பொருள். சுருக்கியதில் பாலம் போய்விட்டது.

வெல்ஷ் பெயர் எல்லாமே தூய பழம்பெயர் என்பதும் பொய்தான். பக்கத்து மான்ட்கோமரி ஊரின் வெல்ஷ் பெயரான ட்ரெவால்ட்வினில் இருப்பது பால்ட்வின் என்ற நார்மன் பிரபுவின் பெயர். ஆகவே இது தூய்மை பற்றிய சண்டை இல்லை. அங்கே வாழ்பவர்கள் வழங்கும் பெயருக்கு மதிப்பு உண்டா என்பதே கேள்வி.

2001-இல் இந்த மாவட்டத்தில் வெல்ஷ் பேசியவர்கள் 52 சதவீதம். 2021-இல் 45.3 சதவீதம். பேசுபவர்கள் குறையும்போது வயலும் வீடும் தாங்கி நிற்கும் பெயர்கள்தான் மொழிக்குச் சாட்சி. 2017 முதல் வேல்ஸில் வரலாற்று இடப்பெயர்களுக்கு அதிகாரபூர்வப் பட்டியல் உண்டு. ஆனால் பண்ணை வீட்டை வாங்குபவர் அதன் வெல்ஷ் பெயரை எடுத்துவிட்டு ஆங்கிலப் பெயர் வைப்பதை அந்தப் பட்டியலால் தடுக்க முடியாது. தடுக்கும் அதிகாரம் இல்லாத பட்டியல் பெயர்களைக் காப்பாற்றாது. இறந்த பெயர்களைக் கணக்கெடுக்க மட்டுமே உதவும். அந்த அதிகாரத்தை வேல்ஸ் அரசு கொடுத்தாக வேண்டும்.