சாட்சிக் கையெழுத்து

போன மாதம் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். ரேஷன் கடைக்குப் போன பக்கத்து வீதி அக்கா, வெறும் பையோடு திரும்பி வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, எங்கையில ரேகையே இல்லைங்கறானே அந்தப் பையன். ரேகை இல்லாம மனுசன் இருப்பானா?"

அந்த மாதத்தில் அது மூன்றாவது நடை. முதல் நாள் மிஷின் விரலை ஏற்கவில்லை. மறுநாள் எண்ணெய் தடவி, துணியில் துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் ஆகவில்லை. மூன்றாம் நாள் ஓ.டி.பி. வைத்துத் தரலாம் என்றார்களாம். அட்டையில் பதிந்திருக்கும் செல் நம்பர் மகனுடையது. அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஷிப்டில் நிற்கிறான். அவன் போனை எடுத்துப் பார்ப்பதற்குள் அந்த நம்பர் காலாவதி.

அக்காவுக்கு 68 வயது. கணவர் போய் நாளாகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ராசிபுரம் பக்கத்து சேகோ மில்களில் குச்சிக்கிழங்கு தோல் உரித்த கை அது. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை கத்தியும் கிழங்கும் தண்ணீரும்தான். விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தேன். ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன.

அந்தப் பெருவிரலை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் வேடிக்கை. நான் இந்தப் பகுதியில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராகச் சேர்ந்து 36 வருஷம் வேலை பார்த்தவன். சேர்ந்த நாலைந்து வருஷத்தில், கறவை மாட்டுக் கடனுக்காக இதே அக்கா கணவரோடு வந்தார். அவருடைய பெருவிரலை ஊதா மை ஸ்டாம்ப் பேடில் அமுக்கி, கடன் பத்திரத்தில் உருட்டி வைத்தவன் நான்தான். ஆண் என்றால் இடது கைப் பெருவிரல், பெண் என்றால் வலது கை. அதுதான் எங்கள் வழக்கம். பக்கத்தில் "இது இன்னாருடைய பெருவிரல் ரேகை" என்று எழுதி, அதன் கீழே சாட்சிக் கையெழுத்து வாங்குவோம்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றாயிற்று, யாரும் மெமோ கொடுக்க முடியாது. இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான கைநாட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு ரேகையையும் இன்னொரு ரேகையோடு வைத்து ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அதற்கான படிப்பும் எங்களுக்குக் கிடையாது, பூதக்கண்ணாடியும் கிடையாது. எங்களுக்கு அடையாளம் என்பது கீழே கையெழுத்துப் போட்ட சாட்சிதான். "இது எங்க ஊர் மாரப்பன் பொண்டாட்டிங்க, எனக்குத் தெரியும்" என்று இன்னொரு மனிதர் பொறுப்பேற்றுக்கொண்டதைத்தான் நம்பிப் பணம் கொடுத்தோம். மை வெறும் சடங்கு.

மிஷின் வந்தபோது சடங்கை வைத்துக்கொண்டு சாட்சியை எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொன்னால் "பழைய காலத்து ஆள், கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது" என்று என் மருமகனே சொல்கிறார். அப்படியில்லை. பேரனுக்குப் பிறந்தநாள் பணம் செல்போனில்தான் அனுப்புகிறேன். பஸ் பிடித்து நாமக்கல் போய் வரிசையில் நின்று செய்த வேலைகளை இன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் செய்கிறேன். ரேஷனில் முன்பு நடந்ததும் தெரியும். செத்துப்போனவர் பெயரில் அட்டை ஓடும், வாங்காத சர்க்கரைக்கு பில் ஓடும். ஸ்மார்ட் கார்டு 2017-ல் வந்த பிறகு, பொருள் வாங்கினால் செல்லுக்குச் செய்தி வருகிறது. வாங்காமலே செய்தி வந்தால் போய்ச் சண்டை போடலாம். இது நல்ல காரியம், மறுக்கவில்லை. 2020 அக்டோபரில் நம் மாநிலக் கடைகளில் கைரேகை வந்தபோதும், சரி, திருட்டு குறையட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் திருடனைப் பிடிக்க வைத்த கண்ணியில் யார் கை மாட்டுகிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் என்னென்ன தொழில் என்று ஒரு சுற்று யோசித்தாலே போதும். சேகோ மில்லில் கிழங்கு உரிப்பவர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைத்து மெருகு போடுபவர்கள். பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் தறியில் இழை முடிபவர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இரும்புக் குழாய் தூக்குபவர்கள். சிமென்ட் கலவை அள்ளும் சித்தாள்கள். இவர்கள் கையில் ரேகை எப்படி நிற்கும்? என் விரலை வைத்தால் மிஷின் ஒரு நொடியில் ஏற்றுக்கொள்கிறது. நான் வாழ்நாள் முழுக்கத் தூக்கியது பேனாவும் நோட்டுக்கட்டும். உழைக்காத கையை உடனே அடையாளம் தெரிகிறது, உழைத்துத் தேய்ந்த கையைத் தெரியவில்லை என்றால் அந்த அரிசி யாருக்காக வந்தது?

வேலை செய்யும் இடத்திலும் இதே கதைதான். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து வருகை பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஏரிக்கரையில் மண் வெட்டியவர் கண்ணெதிரே நிற்கிறார், வெட்டிய குழியும் இருக்கிறது; டவர் கிடைக்கவில்லை என்றால் அன்றைய வருகை சந்தேகத்தில். பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளருக்கே அவரைத் தெரியும். ஆனால் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை.

என் கதை ஒன்றும் உண்டு, சிரிக்கலாம். வருஷா வருஷம் நான் உயிரோடிருப்பதை பி.எஃப். பென்ஷனுக்கு நிரூபிக்க வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்று இதை ஆன்லைனில் கொண்டுவந்தார்கள், பிறகு முகத்தைக் காட்டினால் போதும் என்றும் ஆக்கினார்கள். வசதிதான். போனை முகத்துக்கு நேராகப் பிடித்தால் "கண்ணைச் சிமிட்டு" என்கிறது. சிமிட்டினேன், பத்தவில்லை. மறுபடி சிமிட்டினேன். என் மனைவி பின்னால் நின்றுகொண்டு, "இந்த வயசுல யாரைப் பாத்துங்க கண்ணடிக்கறீங்க?" என்கிறாள். ஐந்தாம் தடவை உயிரோடிருப்பதாக ஒப்புக்கொண்டது. எனக்கு அது சிரிப்பு. அக்காவுக்கு அது ஒரு மாதப் பருப்பு. கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை வெளியில் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

கைரேகை என்பது நம் ஊரில் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. இளைய தலைமுறைக்கு இது தெரியாது, நம் வயதுக்காரர்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். வெள்ளைக்காரன் 1871-ல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. சாதி சாதியாகக் குறித்து, ஆண்களைக் கூப்பிட்டுக் கைரேகை எடுத்துப் பதிவு செய்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம். மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது.

அந்த ரேகையும் இந்த ரேகையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது மனிதனைக் கட்டிப்போட, இது அரிசி கொடுக்க. ஆனாலும் "முதலில் நீ யார் என்று நிரூபி, பிறகு பேசலாம்" என்ற தொனி மட்டும் இரண்டிலும் ஒன்றாகக் கேட்கிறது.

கோர்ட் என்ன சொன்னது என்பதையும் பார்ப்போம். ஆதாரை எதிர்த்து 2012-ல் உச்ச நீதிமன்றம் போனவர் புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. அப்போது அவருக்கு 86 வயது! ஓய்வு பெற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து குறை சொல்லத்தான் லாயக்கு என்பவர்களுக்கு இந்தப் பெரியவரைக் காட்டுவேன். அவர் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். மறுவருஷம் செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வில் நால்வர் ஆதார் செல்லும் என்றார்கள், நீதிபதி சந்திரசூட் மட்டும் செல்லாது என்று தனியாக எழுதினார். செல்லும் என்ற நால்வரும்கூட, பேங்க் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதார் கட்டாயமில்லை என்றார்கள். ரேகை பதியாமல் போகிறவர்களுக்கு வேறு வழியில் அடையாளம் காட்ட வகை செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்கு முன்பே, 2017 அக்டோபரில், ரேகை தவறினால் பொருளை மறுக்காதீர்கள், மாற்று வழியில் கொடுங்கள் என்று ஆதார் ஆணையமே சுற்றறிக்கை விட்டிருந்தது. புட்டசாமி 2024 அக்டோபரில், 98 வயதில் காலமானார்.

ஆக, கோர்ட்டும் சொல்லிவிட்டது, ஆணையமும் சொல்லிவிட்டது. பிறகு ஏன் அக்கா மூன்று நடை நடந்தார்? அந்தக் கடைப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிஷின் ஏற்காததை நோட்டில் எழுதிக் கொடுத்தால் நாளை மேலே கேள்வி வரும் என்று பயப்படுகிறான். திருப்பி அனுப்பினால் ஒரு கேள்வியும் வராது. இதுதான் கோளாறின் வேர் என்று எனக்குப் படுகிறது.

பேங்கில் ஒரு செக்கைத் திருப்பி அனுப்புவதென்றால் சும்மா அனுப்ப முடியாது. பணம் பற்றாக்குறை, கையெழுத்து மாறுபாடு என்று காரணத்தைக் குறித்து, தேதி போட்டு, கையெழுத்திட்ட சீட்டோடுதான் திருப்ப வேண்டும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் எங்களைக் கோர்ட்டுக்கே இழுக்கலாம். ஒரு செக்குக்கு இருக்கும் மரியாதை ஒரு மனுஷிக்கு இல்லையா? "இன்ன தேதி வந்தார், ரேகை பதியவில்லை, பொருள் தரவில்லை" என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கட்டும். எத்தனை பேர் வெறும் பையோடு திரும்பினார்கள் என்று மாதக் கடைசியில் கடை வாசலிலேயே எழுதி ஒட்டட்டும். திருப்பி அனுப்புவதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்று வந்துவிட்டால், அந்தப் பையன் தானாக நோட்டை எடுப்பான்.

வீட்டு வாசலிலேயே பொருள் தரும் தாயுமானவர் திட்டம், தொடங்கும்போது எழுபது தாண்டியவர்களுக்கு என்று, 2025 ஆகஸ்டில் வந்தது. நல்ல திட்டம். அது வந்தபோது அக்காவுக்கு எழுபது ஆகியிருக்கவில்லை. ரேகை வயதுக்காகக் காத்திருக்கவில்லை.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நம் எல்லோர் விரலையும் பொறுத்தது. தெலங்கானாவில் 2018-ல் ஒரு சிம் கார்டு வியாபாரி பிடிபட்டார். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை எடுத்து, ரப்பரில் நகல் செய்து, அதை வைத்து சிம் ஓட்டியிருக்கிறார். நிலம் வாங்கி விற்ற நாம் எல்லோரும் பத்திரத்தில் ரேகை வைத்தவர்கள்தான். பூட்டின் சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம், பெருவிரலை மாற்ற முடியுமா? ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பூட்டிக்கொள்ளுங்கள். பூட்டியதை மறந்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனால் உங்களுக்கும் ரேகை இல்லை என்றுதான் வரும், அதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அன்றைக்கு மத்தியானமே அக்காவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பையன் மறுபடியும் விரலை வைக்கச் சொன்னான், சிவப்பு விளக்குதான் எரிந்தது. "வேற வழியில குடுக்கணும்னு உத்தரவு இருக்குதுங்க தம்பி" என்றேன். யாருக்கோ போன் போட்டான். கால் மணி நேரம் நின்றோம். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தான். கார்டு நம்பர், பெயர், தேதி எழுதினான். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வாங்க மை டப்பா தேடினான், காய்ந்து கிடந்தது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, நானே அக்காவின் பெருவிரலைப் பிடித்து உருட்டி வைத்தேன். நோட்டில் கோடே இல்லாத ஓர் ஊதா வட்டம் விழுந்தது. அதன் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அரிசி, பருப்பு, பாமாயில் மூன்றும் கிடைத்தது. சர்க்கரை தீர்ந்துவிட்டதாம்.

இந்த மாதத்துச் சரக்கு புதன்கிழமை வருகிறது என்று அக்கா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மை டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.