படிக்கட்டில் ஒரு பக்தர்

எட்டாம் வகுப்பில் சரித்திர பாடம் நடந்துகொண்டிருந்தது. ஜெருசலேம் என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவன், அதிகம் பேசாதவன். "ஐயா, யூதர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள்? அந்தச் சாமி எப்படி இருக்கும்?" என்று கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சரியான பதிலும் வரவில்லை.

எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்தில் மதங்களுக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்து வருகிறவர்களால் கடைவீதி நிறைந்துவிடும். ஞாயிறு காலையில் தேவாலய மணி கேட்கும். கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயத்தைப் பார்த்த புதியவர்கள் அது நம் கோயில் என்றே எண்ணுவார்கள். திராவிடச் சிற்ப முறையில் கட்டியிருக்கிறார்கள். இவ்விரு மதங்களுக்கும் மூத்த சகோதரியான யூத மதத்தை மட்டும் நாம் இங்கே கண்ணால் கண்டதில்லை. வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவே இருக்கும் சனிக்கிழமைதான் அவர்களுடைய புனித நாள் என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆகவே கோடை விடுமுறையில் ஜோலார்பேட்டையில் ரெயிலேறி எர்ணாகுளம் போனேன். அங்கிருந்து கொச்சி மட்டாஞ்சேரி. யூதர் தெருவின் கோடியில் பரதேசி ஜெப ஆலயம் நிற்கிறது. 1568-ல் கட்டப்பட்டது, கொச்சி ராஜா தம் அரண்மனைக்கு அடுத்தாற்போல் கொடுத்த நிலம். அரண்மனை வளாகத்திலேயே பழையன்னூர்ப் பகவதி கோயிலும் இருக்கிறது. அம்மன் ஒரு பக்கம், உருவமே இல்லாத ஆண்டவன் மறு பக்கம். இருவருக்கும் இதுவரையில் சச்சரவு உண்டானதாகத் தெரியவில்லை!

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையெங்கும் சீனத்திலிருந்து வந்த, நீல வர்ணத்தில் கையால் சித்திரம் எழுதிய ஓடுகள். மேலே கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன. நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. மேற்குச் சுவரில் திரையிட்ட ஒரு பேழை. ஜெருசலேம் நமக்கு மேற்கே இருப்பதால் இங்கே மேற்கு நோக்கிப் பிரார்த்திக்கிறார்கள். நம் கர்ப்பக்கிருகத்தை நினைத்துக்கொண்டு அந்தப் பேழைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், விக்கிரகம் இல்லை, புஸ்தகம் இருக்கிறது. தோலில் கையால் எழுதிச் சுருட்டி வைத்த மோசேயின் ஐந்து ஆகமங்கள். அதற்குத் 'தோரா' என்று பெயர். போதனை என்று பொருள். அதை வெளியே எடுக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.

என் மாணவனுக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. சாமி எப்படி இருக்கும்? யூதருடைய சாமிக்கு உருவம் கிடையாது. சித்திரம் எழுதவும் சிலை வடிக்கவும் கூடாது. அவருக்கு ஒரு நாமம் உண்டு. ஆனால் அதை உச்சரிப்பதில்லை. எழுத்தில் அந்த நாமத்தைக் கண்டால் 'என் ஆண்டவர்' என்று பொருள்படும் வேறு சொல்லை வாசிக்கிறார்கள். கடவுள் ஒருவரே என்பதுதான் அம்மதத்தின் அஸ்திவாரம். அதைச் சொல்லும் சிறு வாசகத்தைக் காலையிலும் இரவிலும் ஓதுகிறார்கள். சாகும் தறுவாயிலும் அதுவே நாவில் இருக்கவேண்டும் என்று விரும்புகிறார்கள். அதன் முதற்சொல் 'ஷெமா'. தமிழில் 'கேள்' என்று சொல்லலாம். கண்ணால் காணும் தரிசனத்துக்கு நாம் கொடுக்கும் இடத்தை அவர்கள் காதால் கேட்கும் சொல்லுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சிருஷ்டி கர்த்தாவான அந்தக் கடவுள் ஆபிரகாமோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார் என்பதும், எகிப்தில் அடிமைப்பட்டிருந்த அவன் சந்ததியாரை மோசேயின் தலைமையில் விடுவித்து, சீனாய் மலையில் நியமங்களை அருளினார் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. பத்துக் கட்டளைகளை நாம் அறிவோம். மொத்த நியமங்கள் 613 என்று அவர்களுடைய பண்டிதர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 'செய்' என்பவை 248, 'செய்யாதே' என்பவை 365. எழுதிய வேதத்தோடு, வாய்வழியாக வந்த விளக்கங்களும் வாதப் பிரதிவாதங்களும் சேர்ந்து 'தால்முத்' என்ற பெருநூல் ஆயின. 1204-ல் காலமான மைமோனிதீஸ் என்ற ஞானி நம்பிக்கைகளைப் பதின்மூன்றாகத் தொகுத்தார். அவற்றுள் மெசியா ஒருவர் வருவார் என்பதும், மரித்தோர் எழுவர் என்பதும் உண்டு.

ஜெருசலேமில் இருந்த பெருங்கோயிலை ரோமர்கள் கி.பி. 70-ல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பலி கொடுக்கும் வழிபாடு அத்தோடு நின்றது. வேறொரு மதமானால் அன்றே மறைந்துபோயிருக்கலாம். அவர்களோ பலிபீடத்தின் இடத்தில் பிரார்த்தனையை வைத்தார்கள். காலை, பிற்பகல், இரவு என்று தினம் மூன்று வேளை ஜெபம். பொது வழிபாட்டுக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவர் பத்துப் பேர் வேண்டும். சில புதிய பிரிவினர் பெண்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். புரோகிதர் இல்லாமல் முடியாது என்ற நிலை இல்லை. ஓதத் தெரிந்த எவரும் முன்னின்று நடத்தலாம். கொச்சியில் அப்படித்தான் சமூகத்துப் பெரியவர்களே நடத்தி வந்தார்கள்.

ஆனால் அந்த மதத்தின் பாதி வீட்டுக்குள் இருக்கிறது. வாயில் நிலையில் வேத வாசகம் எழுதிய சுருளைச் சிமிழில் வைத்துப் பதித்திருப்பார்கள். பாலையும் மாமிசத்தையும் ஒன்றாகச் சமைப்பதில்லை; பன்றியும் செதிலில்லாத மீனும் ஆகா. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாளில் சுன்னத்து. எல்லாவற்றுக்கும் சிகரம் 'சப்பாத்' என்னும் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் வீட்டு அம்மாள் விளக்கேற்றிக் கைகளால் கண்ணை மறைத்துக்கொண்டு பிரார்த்திக்கிறாள். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மறுநாள் மாலை வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும் வரையில் அடுப்பு மூட்டுவதில்லை, வியாபாரம் இல்லை, பிரயாணம் இல்லை. எஜமானன் மட்டும் ஓய்ந்திருந்தால் போதாது. வேலைக்காரனும், வேலைக்காரியும், மாடும் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது கட்டளை. உழைக்கிறவனுக்கு வாரத்தில் ஒரு நாளைக் கடவுளின் பெயரால் மீட்டுக் கொடுத்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

இந்த மதத்தார் நமக்கு அந்நியர் என்று நினைத்துவிடக் கூடாது. சாலொமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த மயிலுக்கு எபிரேய வேதத்தில் வழங்கும் பெயர் நம் 'தோகை' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று கால்டுவெல் எழுதினார். கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ண உரிமையைச் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. குடை, பகல் விளக்கு, தோரணம், பறை முதலாக எழுபத்திரண்டு உரிமைகள். சென்னையில் பதினேழாம் நூற்றாண்டிலேயே பவழமும் கோல்கொண்டா வைரமும் வியாபாரம் செய்த யூதர் இருந்தனர். 1688-ல் ஏற்பட்ட சென்னை நகரசபையில் அவர்களுக்கும் இடம் இருந்தது. உலகில் எத்தனையோ நாடுகள் யூதரைத் துரத்தின, வதைத்தன. நம் மண்ணில் அவர்களை மதத்துக்காக இந்நாட்டு மக்கள் துன்புறுத்தியதில்லை. 1662-ல் அந்த ஜெப ஆலயத்தைப் பாழாக்கியவர்கள் போர்ச்சுகீசியர்கள். இதைச் சொல்லிப் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஆனால் பெருமையோடு கட்டுரையை முடித்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. நம்மிடமிருந்து அவர்கள் வேறொன்றையும் கற்றுக்கொண்டார்கள்.

யூதர்கள் வசந்த காலத்தில் 'பெஸாக்' பண்டிகை கொண்டாடுகிறார்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றதன் ஞாபகம் அது. புளிக்காத அப்பத்தையும் கசப்புக் கீரையையும் வைத்துக்கொண்டு குடும்பம் உட்காரும். வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தை கேள்வி கேட்கவேண்டும்; பெரியவர்கள் அடிமைத்தனத்தின் கதையைப் பதிலாகச் சொல்லவேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் தானே விடுதலை பெற்றதாக எண்ண வேண்டும் என்பது விதி. இப்படி வருஷந்தோறும் சொல்லி வந்த மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர்கள், தங்கள் நடுவில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்று யூதராகவே வாழ்ந்தவர்களின் சந்ததியாரை என்ன செய்தார்கள் தெரியுமா? ஜெப ஆலயத்தின் உள்ளே சமமாக உட்கார விடவில்லை. முன்கூடத்திலும் படிக்கட்டிலும் உட்கார வைத்தார்கள். தோரா வாசிக்க அழைக்கவில்லை. பெண் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை. செத்த பிறகும் ஒரே இடுகாட்டில் இடம் தரவில்லை. தோராவில் இதற்கு ஆதாரம் இல்லை. சுற்றுப்புறத்தைப் பார்த்துப் படித்த பாடம்.

அந்தப் படிக்கட்டில் உட்காரும் குடும்பத்தில் 1882-ல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். பெயரைப் பார்த்துப் பக்கத்துச் சேலத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் திருப்பத்தூரும் ஒரு காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான்; இருந்தாலும் அந்தப் பெருமைக்கு வழியில்லை! எர்ணாகுளத்தில் படித்து, சென்னையில் பட்டம் பெற்று, வக்கீலானார். கொச்சி சட்டசபையில் அங்கத்தினராயிருந்தார். தொழிலாளர்களுக்காகப் பாடுபட்டார். பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறிய 1929-ஆம் வருஷத்து லாகூர் காங்கிரஸுக்குப் போய்வந்தார். தேசத்துக்கு விடுதலை கேட்டவர் தம் ஜெப ஆலயத்துக்குள் நுழைந்தால் இடம் படிக்கட்டில்தான்.

சேலம் மதத்தை விட்டுப் போய்விடவில்லை. தனி ஆலயம் கட்டிக்கொள்ளவும் இல்லை. தாம் நம்பிய கடவுளின் வீட்டில் தமக்குள்ள இடத்தைக் கேட்டார். சில காலம் ஆலயத்தைப் பகிஷ்கரித்தார். காந்தியடிகள் காட்டிய சத்தியாக்கிரக வழியை அந்தச் சிறிய தெருவுக்குக் கொண்டுவந்தார். அதனால் அவரை 'யூத காந்தி' என்று சொல்வதுண்டு. கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் தளர்ந்தன; 1930-களின் நடுவில் பழைய விலக்குகளில் பல விழுந்துவிட்டன. 1936-ல் திருவாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததையும், 1939-ல் வைத்தியநாத ஐயர் ஹரிஜன அன்பர்களோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அவர்கள் படிக்கட்டும் நம் கோபுரவாசலும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் திறந்தன.

1967-ல் சேலம் காலமானார். அதற்கு முன்பே, 1950-களில், கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இன்று மட்டாஞ்சேரியில் எஞ்சியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பத்துப் பேர் கூட வேண்டுமானால் வெளியூரிலிருந்து யாராவது வரவேண்டும். யாரை உள்ளே விடலாம் என்று சண்டையிட்ட இடத்தில் இன்று உள்ளே வர ஆளில்லை. ஜெப ஆலயத்துத் தெருவுக்குச் சேலத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

யூதருடைய உபவாசங்களுள் பெரியது 'யோம் கிப்பூர்' என்னும் பாவ நிவிர்த்தி நாள். ஒரு மாலை தொடங்கி மறுநாள் இரவு வரையில் தண்ணீர்கூடக் குடியாமல் பிரார்த்திக்கிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடவுளுக்குச் செய்த குற்றத்தைக் கடவுள் மன்னிப்பார். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதனிடமே போய்ச் சொல்லி, அவனைச் சமாதானப்படுத்தினால் ஒழிய உபவாசம் பயன்படாது. இதைப் படித்தபோது எனக்கு ஒருவர் நினைவு வந்தார்.

நான் சிறுவனாயிருந்தபோது ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பெரியவர் தேனும் சாமையும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். மூன்று மணி நேரம் நடந்து வந்தவர் வாசற்படியில் உட்காருவார். பாட்டனார் திண்ணையில் உட்கார்ந்து விலை பேசுவார். நல்ல மனிதர் என் பாட்டனார். ஒரு நாளும் விலையைக் குறைத்துக் கொடுத்ததில்லை. சாப்பாடு போடாமல் அனுப்பியதில்லை. ஆனால் திண்ணைக்கு வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவரை நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். எனக்கு அப்போது வயது எட்டு, அவருக்கு அறுபது இருக்கும். பிற்பாடு நான் பட்டம் பெற்று ஆசிரியனான பிறகும் இரண்டொரு தடவை வந்தார். படியில்தான் உட்கார்ந்தார். நானும் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். இன்று பாட்டனாரும் இல்லை, அவரும் இல்லை. யாரிடம் போய்ச் சமாதானம் கேட்பது?

பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். உருவமில்லாத கடவுளையும், புஸ்தகம் வைத்த பேழையையும், மூன்று நட்சத்திரங்களையும் பையன்கள் ரசித்துக் கேட்டார்கள். படிக்கட்டுக் கதையைச் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பையன் மறுபடியும் எழுந்தான். "அவங்களே அடிமையா இருந்தவங்கதானே ஐயா, அப்புறம் ஏன் அப்படிச் செஞ்சாங்க?" என்றான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "அவர்கள் மட்டும் அல்ல, நானும் செய்தேன்" என்று சொல்லி, வாசற்படியில் உட்கார்ந்த பெரியவரின் கதையை அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.