பி.எல்.சி. படிக்க மலையை விட்டு இறங்க வேண்டுமா?

சுங்கை பாலாஸ் தேயிலை ஆலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் கைப்பேசி உருட்டு இயந்திரத்தின் பக்கம்தான் நீளும். மோட்டார்களை ஓட்டி நிறுத்தும் மின்பெட்டியைப் படம் எடுக்க யாருக்குத் தோன்றும்? ஆனால் கேமரன் மலையின் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அடுத்த பிழைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அப்படியொரு பெட்டியைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு இந்த மலையில் போ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. கன்று நட்டு, களையெடுத்து, கூடை சுமந்தவர்களில் தமிழர்கள் பெரும்பங்கு. இன்று பறிப்பு பெரும்பாலும் இயந்திரத்துக்கு மாறிவிட்டது. மலைச்சரிவில் அதைப் பிடித்து நடப்பவர்களில் வங்காளதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள் அதிகம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ இறங்கிவிடுகிறார்கள். அதில் வருந்த ஒன்றுமில்லை. தாத்தா சுமந்த கூடையைப் பேரனும் சுமக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆலைக்குள் இருக்கும் வேலையையும் சேர்த்துக் கைவிட்டுப் போவதுதான் உறுத்துகிறது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் கிலோ தேயிலை உற்பத்தி செய்வதாகப் போ நிறுவனம் சொல்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்து வந்ததும் 12 முதல் 18 மணி நேரம் விசிறிக் காற்றில் வாட வேண்டும். பிறகு உருட்டல், புளிக்க வைத்தல், சூடான காற்றில் உலர்த்தல், ஈரம் 3 விழுக்காட்டளவுக்கு இறங்கியதும் தரம் பிரித்தல். எங்கு திரும்பினாலும் மோட்டார். எது ஓடினால் எது ஓடலாம் என்ற காவல் வேலையை ஒரு காலத்தில் ரிலேக்களும் கட்டுக்கட்டான கம்பிகளும் பார்த்தன. இப்போது உலகெங்கும் தொழிற்சாலைகளில் அதைப் பார்ப்பது பி.எல்.சி. என்கிற சிறு கணினி. அதற்கு நிரல் எழுதப் பரவலாகப் பயன்படும் முறை லேடர் லாஜிக்: இரண்டு நிமிர்ந்த கோடுகள், நடுவே படிப்படியாகக் கட்டளைகள்.

இது பிறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமாட்டிக் பிரிவு, ரிலே பலகைகளுக்கு மாற்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் கம்பிகளைப் பிய்த்து மறுபடி கட்டும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. டிக் மார்லியும் அவருடைய கூட்டாளிகளும் மோடிகான் 084 என்ற கருவியைச் செய்துகொடுத்தார்கள். ஆலை மின்தொழிலாளிக்குக் கணினி மொழி தெரியாது, ஆனால் ரிலே வரைபடம் அத்துப்படி. ஆகவே நிரலையே அந்த வரைபடம் போல அமைத்துவிட்டார்கள். பட்டம் இல்லாதவனை மனத்தில் வைத்துச் செய்த ஒன்றைப் பட்டதாரிகளின் சொத்து போல நாம் எட்ட நின்று பார்ப்பது வேடிக்கைதான்.

பயிற்சி நிலையங்கள் பலவற்றில் பாடம் மென்பொருளிலிருந்து தொடங்குகிறது. எந்தப் பொத்தானைச் சொடுக்கினால் எந்தச் சின்னம் வரும் என்பதிலேயே வாரங்கள் ஓடிவிடும். இது தலைகீழ்ப் பாடம். முதலில் இயந்திரம், பிறகு மின்வரைபடம், கடைசியில்தான் திரை.

சிவப்பு நிற நிறுத்து பொத்தானை எடுத்துக்கொள்வோம். அது எப்போதும் மின்சாரத்தை விட்டபடி இருக்கும், அழுத்தினால் துண்டிக்கும். ஏன் அப்படி? எலி கம்பியைக் கடித்தாலும், திருகு கழன்றாலும் இயந்திரம் தானே நின்றுவிட வேண்டும் என்பதற்காக. இதைப் புரிந்துகொள்ளாத மாணவர் நிரலிலும் மூடிய தொடர்பையே வரைவார். இயந்திரம் கிளம்பாது. பொத்தான் நலமாக இருக்கும்போது பி.எல்.சி.க்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது, ஆகவே திரையில் வரைய வேண்டியது திறந்த தொடர்பு. புதியவர்களை அதிகம் குழப்பும் இடம் இது. பொத்தானைக் கையில் கொடுத்து மீட்டரை வைத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் தெளியும்.

அடுத்தது பச்சைப் பொத்தான். விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுகிறதே, எப்படி? மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் தன்னுடைய தொடர்பு ஒன்றாலேயே தன்னைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மின்சாரம் போனால் பிடி விடுபடும். திரும்பி வந்தாலும் யாராவது அழுத்தும்வரை மோட்டார் அசையாது. இடியும் மழையுமாக இருக்கும் மலையில் இது உயிர்காக்கும் ஏற்பாடு. மின்வெட்டு நேரத்தில் உருட்டு இயந்திரத்துக்குள் கையை விட்டுச் சுத்தம் செய்பவரை எண்ணிப் பாருங்கள். நிரலில் சுருக்கமாக இருக்கிறதே என்று, ஒருமுறை இட்டதும் நிலைத்து நிற்கும் லாட்ச் கட்டளையைப் போட்டால், சில பி.எல்.சி.க்கள் மின்சாரம் போன பின்பும் அதை நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கலாம். ஆலைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆபத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உலர்த்தியும் நல்ல பாடம். வெளியேற்றும் பெல்ட் முதலில் ஓட வேண்டும், அடுத்து தட்டுச் சங்கிலி, கடைசியில்தான் கொழுந்தைக் கொட்டும் பெல்ட். சங்கிலி நின்று சூடான காற்று மட்டும் வீசினால் தூள் கருகும், தீப்பிடிக்கவும் செய்யும். ஆலையில் பழையவர்களுக்கு இந்த வரிசை கைப்பழக்கம். அவர்கள் சொல்லச் சொல்ல மாணவர் படிப்படியாக எழுதினால் அதுவே நிரல்.

ரிலே தெரிந்தவருக்கும் புதிதாகப் படிக்க ஒன்று உண்டு. ரிலேக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பி.எல்.சி. அப்படியல்ல: உள்ளீடுகளைப் படிக்கும், நிரலை மேலிருந்து கீழாகக் கணக்கிடும், வெளியீடுகளை எழுதும், சில மில்லிநொடிகளில் மறுபடி ஆரம்பிக்கும். ஒரே மோட்டாரை இரண்டு படிகளில் எழுதிவிட்டால் கீழே உள்ளதே வெல்லும். மேல்படி சரியாக இருக்கிறதே, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று அனுபவசாலிகளே தலையைச் சொறிவது இதனால்தான்.

இயந்திரம் வந்தால் வேலை போகும் என்ற அச்சம் தோட்டத்துக்குப் புதிதல்ல. பறிப்பில் அது நடந்தும் முடிந்தது. தேயிலை ஆலைகள் மட்டும் நூற்றுக்கணக்கான பி.எல்.சி. வேலைகளைத் தந்துவிடும் என்றும் யாரும் ஏமாற்ற வேண்டாம். ஆனால் மலையில் ஆலைகள் மட்டும் இல்லை. காய்கறி, பூப் பண்ணைகளின் கூடாரங்களில் தண்ணீரும் உரமும் குழாய் வழியே போகின்றன. பம்புகளும் வால்வுகளும் நேரக் கட்டுப்பாடும் அங்கேயும் வேண்டும். கீழே இறங்கினாலும் பினாங்கு, கூலிம் தொழிற்பேட்டைகளில் இதே திறமைக்கு இடம் உண்டு. இறங்குகிறவர் வெறுங்கையோடு இறங்காமல் இருப்பார்.

செலவும் பெரிதல்ல. ஓப்பன்பிஎல்சி இலவசம், கோடிசிஸ் மென்பொருளையும் காசில்லாமல் இறக்கிக்கொண்டு மடிக்கணினியிலேயே ஒத்திகை பார்க்கலாம். தோட்ட நிர்வாகங்கள் கழற்றிப் போடும் பழைய காண்டாக்டர்களையும் பொத்தான்களையும் காயலான் கடைக்கு அனுப்பாமல் ஒரு பலகையில் பொருத்தித் தரலாம். விளக்கம் தமிழில் இருக்கட்டும். தேர்வுக்கான மலாய்ச் சொற்களைக் கூடவே பழக்கிவிடலாம்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் பெற்றோர் காதில் போட்டுவைக்க வேண்டும். லேடர் எழுதத் தெரிந்த அளவில் மின்பெட்டியைத் திறந்து வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ்களை வழங்குவது எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா. எந்தப் படிப்பில் சேர்க்கும் முன்பும் அது அந்தச் சான்றிதழுக்கான தேர்வுக்கு வழிவிடுமா, மலேசியத் திறன் சான்றிதழில் எந்த நிலை கிடைக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுக் கட்டணம் கட்டலாம்.