இணையச் சொல்லும் தமிழர் காப்பும்

கடல்கடந்து ஒரு பொருள் வருமாயின் அதன் பெயரும் உடன்வருகிறது. அப்பெயரை வாயிலில் நிறுத்தி, அப்பொருள் செய்யும் வேலையை உணர்ந்து, அவ்வேலைக்கேற்ற பெயரைத் தன் வேரிலிருந்தே ஈன்று சூட்டுவது உயிருள்ள மொழியின் இயல்பு. மிதிவண்டியும் வானொலியும் தொலைக்காட்சியும் நமக்கு அவ்வாறு பெயர்பெற்றன. உபாத்தியாயர் ஆசிரியரானார், சர்வகலாசாலை பல்கலைக்கழகமாயிற்று, அபேட்சகர் வேட்பாளரானார், காரியதரிசி செயலாளரானார். மறைமலையடிகளார் 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ்க் கொள்கையைக் கைக்கொண்டபோது 'இது நடவாது' என்று நகைத்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று இத்தகு சொற்களையே நாடோறும் ஆள்கின்றனர். அன்று அலுவலகத்திலும் மேடையிலும் நடந்த அவ்வினை, இன்று இணையத்துறையில் நடந்தாக வேண்டும்.

'இணையச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டால் குடியா முழுகிப்போகும்?' என்று கேட்பார் உளர். ஆம், குடிதான் முழுகிப்போகிறது!

வைப்பகத்திலிருந்து கைப்பேசிக்கு எண்ணொன்று வருகிறது. அதற்கு 'ஓ.டி.பி.' என்று பெயர். இம்மூன்றெழுத்து ஒரு சிற்றூர்த் தாய்க்கு எதனை உணர்த்தும்? ஒன்றையும் உணர்த்தாது. எனவே, வைப்பக அலுவலனைப்போல் பேசும் கள்வன், 'அம்மா, அந்த ஓ.டி.பி.யைச் சற்றுச் சொல்லுங்கள்' என்றவுடன் அவள் சொல்லிவிடுகிறாள். அடுத்த நொடியில், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் போய்விடுகிறது. அதனையே 'ஒருமுறைக் கடவுச்சொல்' என்று அவள் அறிந்திருந்தால்? கடவு என்பது வழி, வாயில். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய்மார் கடவுச்சீட்டு என்னும் சொல்லை நன்கறிவர். தன் வீட்டு வாயிலைத் திறக்கும் சொல்லைத் தெருவிற் போவானிடம் எந்தத் தாய் சொல்வாள்? இணையக் கொள்ளைக்கு ஆளானோர் முறையிட 1930 என்னும் தொலைப்பேசி எண்ணை அரசு வைத்திருக்கிறது. அது பொருள் பறிபோனபின் அழைக்கும் எண். பறிபோகாமற் காக்கும் முதற்காவல் சொல்லின் பொருளறிவே. ஆகலின், கலைச்சொல்லாக்கத்தைப் புலவரின் பொழுதுபோக்கு என்று எண்ணற்க. அஃது எளிய மக்களின் காப்பு.

இனி, அச்சொற்களைச் சற்று விளங்கக் காண்போம்.

கணினிகள் பலவற்றைப் பிணைத்தால் அது பிணையம். அத்தகு பிணையங்கள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்தது இணையம். 1969 அக்தோபர் 29-ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரு கணினிகளுக்கிடையே முதற்செய்தி சென்றது. அன்று ஆர்ப்பாநெட் என்று பெயர்பெற்றிருந்த அப்பிணையம், 1983 சனவரி முதல்நாள் தொட்டு, இன்றளவும் வழங்கும் பொது நெறிமுறைக்கு மாறியது. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகசுட்டு 15-ஆம் நாள் திறந்துவிடப்பட்டது. இதற்கு 'இணையம்' என்று தமிழ்ப்பெயர் சூட்டியவர் சிங்கப்பூரில் வாழ்ந்து 1999-இல் மறைந்த ஆசிரியரும் எழுத்தாளருமாகிய நா. கோவிந்தசாமி ஆவார். ஆங்கிலச் சொல்லை உறுப்புறுப்பாகப் பெயர்த்து 'இடைவலை' என்று அவர் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. பொருளின் உயிரை நோக்கினார். 'இணை' என்னும் வேரை எடுத்தார். இணைப்பு, இணையவழி, இணையத்தளம் என அவ்வேர் இன்று கிளைத்துக்கொண்டே போகிறது. நல்ல சொல்லுக்கு இதுவே இலக்கணம்: வேலையைக் காட்ட வேண்டும், நாவுக்கு எளிதாக வேண்டும், மேலும் பல சொற்களை ஈன வேண்டும்.

இணையம் வேறு, வலை வேறு என்பதையும் நம் மாணவர் அறிதல் வேண்டும். இணையம் சாலை, வையவிரிவலை அச்சாலையில் ஓடும் வண்டிகளுள் ஒன்று. அதனைத் திட்டமிட்டவர் டிம் பெர்னர்சு லீ, ஆண்டு 1989. மின்னஞ்சலோ 1971-ஆம் ஆண்டிலேயே பிணையத்தில் ஓடத் தொடங்கிய மூத்த வண்டி. ஆங்கிலத்தில் அவ்வலையை மூன்று 'டபிள்யூ' என்பர். தமிழிலும் வையம், விரிவு, வலை என மூன்று வகரமாகவே அமைந்த அழகைக் காண்க.

நாம் அனுப்பும் மடல் முழுதாகச் செல்வதில்லை. அது சிறு சிறு துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பொதி. பொதியின்மேல் அனுப்புவோன் முகவரியும் பெறுவோன் முகவரியும் வரிசையெண்ணும் இருக்கும். பொதிகள் வெவ்வேறு வழியிற் போகலாம், முன்பின்னாகச் சேரலாம், வழியில் ஒன்று தொலைந்தால் மீண்டும் கேட்டுப் பெறப்படும். எல்லாம் வந்தபின் வரிசைப்படி அடுக்கி மடலாக்கிக் கொள்வது பெறும் கணினியின் வேலை. எருதின்மேல் பொதியேற்றி ஊரூராகச் சென்ற வணிகச் சாத்தினரை அறிந்த தமிழனுக்கு இதில் விளங்காதது யாது? இப்பொதிகளைச் சந்திதோறும் வழிகாட்டி விடுவது திசைவி. கேட்டதை எடுத்து வழங்குவது வழங்கி. நாம் வலையில் உலாவத் துணைபுரிவது உலாவி. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி என்று நம் வீட்டுப் பெரியோர் ஆண்ட அதே இகர ஈறுதான் உலாவியிலும் வழங்கியிலும் நிற்கிறது. புதிய கருவிக்குப் பழைய ஈறு போதுமாயிற்று!

ஒவ்வொரு கணினிக்கும் எண்ணாலான முகவரி உண்டு. தொடக்கத்தில் வகுத்த முறைப்படி அது நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். உலகுக்கு அவை போதாமையின் நீண்ட முகவரிமுறை ஒன்றும் வகுக்கப்பட்டது. எண்ணை நினைவிற் கொள்ளல் அரிது. ஆதலின் எண்ணுக்கு ஈடாக ஆள்வது களப்பெயர். அக்களப்பெயரின் ஈற்றில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் நாட்டுப்பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடவும் இன்று இசைவுண்டு. இசைவிருந்தும் எத்தனை தமிழ் நிறுவனங்கள் அதனை ஆள்கின்றன?

இணையம் வானில் மிதப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். கண்டங்களுக்கிடையே அது பெரும்பாலும் கடலடியிற் கிடக்கும் கண்ணாடியிழை வடங்களின் வழியே ஓடுகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இலும், தூத்துக்குடிக்கும் கொழும்பையடுத்த கல்கிசைக்கும் இடையே 2006-இலும் அத்தகு வடங்கள் இடப்பட்டன. வடம் என்னும் சொல் தேரிழுப்பார்க்கும் தெரிந்ததே.

'பயர்வால்' என்பதைச் சிலர் 'நெருப்புச்சுவர்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தனர். எரியும் சுவர் என்றன்றோ மாணவன் எண்ணுவான்? கட்டடத்தின் ஒரு பகுதியிற் பற்றிய தீ அடுத்த பகுதிக்குப் பரவாமல் தடுக்கும் சுவருக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. இணையத்தில் அதன் வேலையோ, வரும் பொதியையும் போகும் பொதியையும் ஆய்ந்து, இசைவுள்ளதை விடுத்து, இசைவிலாததைத் தடுத்தல். நம் வட்டக்கோட்டையை நோக்குக. குளச்சற் போரில் 1741-இல் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூரின் படைத்தலைவரான டிலனாயின் மேற்பார்வையில், மார்த்தாண்டவர்மன் காலத்தில் வலுப்பெற்ற கருங்கற் கோட்டை அது. ஏறத்தாழ 25 அடி உயர்ந்த அம்மதிலுக்கு வாயிலும் உண்டு. வாயிலற்ற மதில் சிறை. காவலற்ற வாயில் கேடு. மதில், வாயில், காவல் ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறிக்கும் சொல் நம்மிடம் உண்டு; அதுவே அரண். திருக்குறளில் 75-ஆம் அதிகாரத்தின் பெயரே அரண் அன்றோ? எனவே 'இணைய அரண்' என்போம். வேலையும் விளங்கும், தமிழும் நிலைக்கும்.

தமிழில் அறிவியல் இயலாது என்பார்க்கு வரலாறே விடை. 1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அயலாருக்கு இயன்றது நமக்கு இயலாதா? சொல்லுணர்ச்சி நாஞ்சில் நாட்டுக்குப் புதிதுமன்று. ஆரல்வாய்மொழி ஈன்றது பன்மொழிப்புலவர் கா. அப்பாத்துரையாரை. பூதப்பாண்டி ஈன்ற சீவானந்தம், தனித்தமிழ்ப் பற்றால் தம் பெயரையே உயிரின்பன் என மாற்றிக்கொண்டவர். தமிழுக்காக எல்லை மாற்றக் கோரிப் போராடி, 1956 நவம்பர் முதல்நாள் தாய்த்தமிழகத்தோடு இணைந்த மண் இது. மண்ணை மீட்டோம், அம்மண்ணிற் பிறந்த பிள்ளையின் வகுப்பறைச் சொல்லை மீட்டோமா? கணினிப் பாடத்தில் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவனிடம் 'இதன் பொருள் என்ன?' என்று கேட்டால், மீண்டும் அந்த ஆங்கிலச் சொல்லையே அன்றோ விடையாகத் தருகிறான்?

பிறரைக் கடிந்த நாம் நம்மையும் கடிந்துகொள்ள வேண்டும். 'சர்வர்' என்னும் ஒன்றுக்கே வழங்கி, பரிமாறி, சேவையகம் எனச் சொற்கள் பல. ஒருவர் பதிவிறக்கம் என்கிறார். மற்றவர் தரவிறக்கம் என்கிறார். தம் சொல்லே நிற்க வேண்டுமெனப் புலவர் பொருத, இடையில் ஆங்கிலச் சொல் நுழைந்து இருக்கை கொள்கிறது. எது எளிது, எது தூயது, எது மிகுதியும் வழங்குகிறது என்று நோக்கி ஒன்றை ஏற்போம், ஏற்றபின் மாற்றாதிருப்போம். எழுத்துப்பிழையும் களைக. இணையம், தளம் இரண்டும் சேருங்கால் மகரம் கெட்டு வலி மிகுந்து 'இணையத்தளம்' என்றே ஆகும். மரக்கிளை, பணப்பை என்பன சான்று. கணினியைக் 'கணிணி' என்று எழுதுவதும் பிழை. கூகுள் போன்ற நிறுவனப் பெயர்களைப் பெயர்க்க முயலவும் வேண்டா. அவை ஆட்பெயர் போல்வன. தமிழொலிக்கேற்ப எழுதினாற் போதும்.

பாவாணர் 1974-இல் தலைமையேற்ற சொற்பிறப்பியல் அகரமுதலி இயக்ககம் இன்று 'சொற்குவை' என்னும் பெயரில் கலைச்சொற்களைத் திரட்டித் தருகிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாய்த் தமிழ் 99 விசைப்பலகையும் நமக்கு உண்டு. சொல் உண்டு, கருவி உண்டு, ஆள்வோர்தாம் வேண்டும்.

தமிழன்பர்காள்! இத்திங்கள் ஒன்று செய்க. மேலே கண்டவற்றுள் பத்துச் சொற்களைப் பொறுக்கி, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டு முதியோர்க்கும் பொருளோடு சொல்லிக்கொடுங்கள். கடவுச்சொல்லை முதலில் வையுங்கள். அகரமுதலியில் உறங்கும் சொல் சொல்லன்று. நாவில் ஏறியதே சொல். ஏற்றுவது நம் கடன்.